கூப்பிடு தூரத்தில் ஒரு குரல்

2010 முதல் 2019 வரை வெளிவந்த சோல் ஆல்பங்களில் எது சிறந்தது? இந்தக் கேள்வியை வைத்து ரசிகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் போடும் பட்டியலில் ஷாரன் ஜோன்ஸ், சார்ல்ஸ் பிராட்லி, லீ ஃபீல்ட்ஸ் இருப்பார்கள். இன்னொருவர் பிராங்க் ஓஷனையும் சொலாஞ்சையும் சிஸாவையும் முன்னே நிறுத்துவார். மூன்றாமவருக்கு இவர்கள் யாருமே பெரிதில்லை. ஜில் ஸ்காட், ஆன்டனி ஹாமில்டன், லேலா ஹாதவே என்று தொடங்குவார். மூன்று பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவர்கள் ஒரே இசையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற சந்தேகம் வந்துவிடும்.

எனக்கு அந்தச் சந்தேகம் பல ஆண்டுகள் இருந்தது. முதல் கூட்டத்தாரோடு கொஞ்ச காலம், இரண்டாம் கூட்டத்தாரோடு கொஞ்ச காலம் நின்று வாதாடியும் பார்த்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது: எல்லோரும் ஒலியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். பழைய ஒலியா, புதிய ஒலியா என்பதே வழக்காகிவிட்டது. ஆனால் சோல் என்பது ஓர் ஒலியின் பெயராகத் தொடங்கவில்லை.

பெயரின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுகளுக்குத் தனிப் பட்டியல் வெளியிட்டுவந்த பில்போர்ட் இதழ், 1940களில் அதற்கு இனத்தின் பெயரையே வைத்து 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றது. 1949இல் அது 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. 1969இல் 'சோல்'. 1982இல் 'பிளாக்'. 1990இல் மறுபடியும் பழைய பெயரே, 'ஆர் அண்ட் பி' என்ற சுருக்கமாக. ஆக, அந்தப் பட்டியலுக்கு சோல் என்ற பெயர் இருந்தது 13 ஆண்டுகள்தான். அந்த ஆண்டுகளிலும் அதற்குச் சற்று முன்பும் மெம்ஃபிஸிலும் டெட்ராய்டிலும் பதிவான தட்டுகளின் ஒலியைத்தான் பலர் இன்றும் சோல் என்று நினைக்கிறார்கள். பித்தளைக் குழல்கள், ஹாமண்ட் ஆர்கன், டாம்பொரீன், அழுத்தமான பேஸ் கிட்டார்.

அந்த ஒலிக்கு முந்தியது தேவாலயம். 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு சபைப் பாடலின் மெட்டை எடுத்து, கர்த்தர் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாடினார். சபையார் பலர் கொதித்துப் போனார்கள். சில ஆண்டுகளில் சாம் குக், 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற தேவகானக் குழுவை விட்டு வெளியே வந்து காதல் பாடல்கள் பாடத் தொடங்கினார். அரிதா ஃபிராங்க்ளின் டெட்ராய்டில் தன் தந்தை போதகராக இருந்த சபையில் பாடி வளர்ந்தவர். இவர்கள் வெளியே கொண்டுவந்தது மெட்டை மட்டும் இல்லை. ஒரு முறையையும் கொண்டுவந்தார்கள். போதகர் ஒரு வரியைச் சொல்வார். சபை அதற்குக் குரல் கொடுக்கும். அவர் இன்னும் ஏற்றுவார், சபையும் ஏறும். நம் பஜனைகளில் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்று உண்டு. பஜனையில் பெரும்பாலும் வரி அப்படியே திரும்பி வரும். அந்தச் சபையில் திரும்பி வருவது பதில். 'ஆமாம்', 'அப்படிச் சொல்லு', 'கேட்கிறோம்' என்று ஆளாளுக்கு ஒரு குரல் எழும்.

பாடுகிறவர் கூப்பிட வேண்டும். பதில் சொல்லக்கூடிய தூரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பிக் கூப்பிட வேண்டும். சோல் என்று நான் நினைப்பது அதைத்தான். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தாண்டைக் கேட்டால் பட்டியல் வேறு மாதிரி வருகிறது.

பழைய ஒலிக்காரர்களிடமிருந்து தொடங்குவோம். நியூயார்க்கின் புரூக்ளினில், புஷ்விக் பகுதியில் ஒரு பழைய வீடு. அதுதான் டாப்டோன் நிறுவனம். கேப்ரியல் ராத்தும் நீல் ஷுகர்மனும் தொடங்கியது. கணினியை நம்பாமல், ஒலிநாடா இயந்திரத்தில், எல்லா வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிக்கப் பதிவு செய்தார்கள். அங்கே பாடிய ஷாரன் ஜோன்ஸ் 1956இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் பிறந்தவர். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக இருந்தார். வங்கிப் பணம் ஏற்றும் கவச வண்டியில் துப்பாக்கியோடு போனார். வார இறுதியில் சபையிலும் கல்யாணங்களிலும் பாடினார். குள்ளம், கறுப்பு, பருமன், வயதும் போய்விட்டது என்று இசைத்துறை ஆள் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னதைப் பேட்டிகளில் மறக்காமல் சொல்வார். 1996இல் லீ ஃபீல்ட்ஸின் பாடல் பதிவு ஒன்றுக்குப் பின்னணி பாட மூன்று பெண்கள் வேண்டியிருந்தது. வந்தவர் ஷாரன் மட்டும். மூன்று பேருக்கான பங்கையும் அவர் ஒருவரே பாடிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 40.

சார்ல்ஸ் பிராட்லியின் கதை இன்னும் கொடியது. சிறுவயதில் வீட்டை விட்டு ஓடி ரயில் பெட்டிகளில் தூங்கியவர். 1962இல் அப்போலோ அரங்கில் ஜேம்ஸ் பிரவுனைப் பார்த்தார். அந்த ஒரு இரவு வாழ்நாளுக்கும் போதுமானதாக இருந்தது. சமையற்காரராகவும் கைவேலைக்காரராகவும் ஊர் ஊராக அலைந்து, பிறகு புரூக்ளினில் 'பிளாக் வெல்வெட்' என்ற பெயரில் ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டு ஆடிப் பாடிக்கொண்டிருந்தார். 2011இல் 'நோ டைம் ஃபார் டிரீமிங்' வந்தபோது அவருக்கு 62 வயது. அதுதான் முதல் ஆல்பம்.

இவர்களை எதிர்ப்பவர்கள் சொல்வது: இது அருங்காட்சியக இசை. 1967ஐ மறுபடி கட்டி எழுப்புகிறார்கள். முன்னால் ஒரு முதிய கறுப்பினப் பாடகர், பின்னால் பெரும்பாலும் இளம் வெள்ளையர்கள். இந்த விமரிசனத்தைத் தள்ளிவிட முடியாது. இதே முறையில் இதே ஊரில் எடுத்த எத்தனையோ தட்டுகள் நேர்த்தியாக இருக்கும். ஒரு தடவை கேட்டதும் மறந்துபோகும். ஆனால் பிராட்லியைக் கேட்கும்போது காலம் பற்றிய கேள்வியே எழுவதில்லை. அவர் ஒரு காலத்தைப் போல நடிக்கவில்லை. அந்தக் காலத்திலேயே பாடியிருக்க வேண்டியவர், யாரும் கேட்காததால் 40 ஆண்டு தாமதமாகப் பாடுகிறார். தன் அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்ட காலையைப் பற்றி அவர் பாடும்போது குரல் கீறிக்கொண்டு வெளியே வருகிறது. 2016இல் 'சேஞ்சஸ்' ஆல்பத்தில், பிளாக் சப்பாத் என்ற ராக் குழு 1972இல் பாடிய காதல் முறிவுப் பாடலை எடுத்து, இறந்துபோன தன் தாய்க்கான பாடலாக மாற்றிவிட்டார். மெட்டு அதேதான். கேட்கிறவர் மனதில் நிற்பது வேறு வீடு, வேறு சாவு. மூன்று ஆல்பங்களோடு 2017 செப்டம்பரில் அவர் போய்ச் சேர்ந்தார்.

டெக்ஸஸின் ஃபோர்ட் வொர்த்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லியான் பிரிட்ஜஸ் 2015இல் 'கமிங் ஹோம்' வெளியிட்டபோது இதே வழக்கு அவர் மேலும் வந்தது. உடை, தலைவாரல், புகைப்படம், ஒலி எல்லாமே சாம் குக் காலத்தவை. அந்த ஆல்பத்தில் கடைசிப் பாடலான 'ரிவர்' மட்டும் என்னை நிறுத்திவைக்கிறது. ஒரு கிட்டார், ஒரு டாம்பொரீன், பின்னால் பெண் குரல். ஞானஸ்நானத்துக்கு ஆற்றுக்குப் போகிறவனின் பாட்டு. அதில் அவர் யாரையோ கூப்பிடுகிறார். மற்றவை நன்றாகத் தைத்த சட்டைகள்.

இனி புதிய ஒலிக்காரர்கள். 2013இல் கிராமி விருதுகளில் 'அர்பன் கன்டெம்பரரி ஆல்பம்' என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தார்கள். 'நகர்ப்புற' என்பது கறுப்பர் என்று நேரடியாகச் சொல்லாமலிருக்க இசை வணிகம் கண்டுபிடித்த சொல். 2020இல் அதை நீக்கி 'புரோகிரசிவ் ஆர் அண்ட் பி' என்று மாற்றினார்கள். முதல் ஆண்டு அந்த விருது பிராங்க் ஓஷனின் 'சேனல் ஆரஞ்சு'க்குப் போனது. அதே இரவில் 'ஆர் அண்ட் பி ஆல்பம்' விருது, பியானோக் கலைஞர் ராபர்ட் கிளாஸ்பரின் குழுவுக்கு, 'பிளாக் ரேடியோ'வுக்காக. ஒரு மரத்தின் கிளைகளுக்கு இரண்டு வேலிகள்.

'சேனல் ஆரஞ்சு' சோல்தானா என்று கேட்பவர்களிடம் நான் 'பேட் ரிலிஜியன்' பாடலைச் சொல்வேன். ஒருவன் வாடகைக் காரில் ஏறி, ஓட்டுநரிடம் தன் மனதைக் கொட்டுகிறான். தேவாலய ஆர்கன் ஒலி பின்னால் எழுகிறது. பாவசங்கீர்த்தனம் கேட்க வேறு ஆள் இல்லாததால் முன் இருக்கையில் இருப்பவரே பாதிரியார் ஆகிறார். பதில் வருகிறது, ஆனால் அது அவனுக்கு உதவாத பதில். சபையின் முறையை முழுதாக வைத்துக்கொண்டு, சபையை மட்டும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று இதைவிடத் துல்லியமாகக் காட்டிய பாடல் அந்தப் பத்தாண்டில் இல்லை. தன் முதல் காதல் ஓர் ஆண் மீது என்று ஓஷன் வெளிப்படையாக எழுதியது அந்த ஆல்பம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் என்பதையும் சேர்த்துக் கேட்டால் அந்தத் தனிமையின் எடை தெரியும்.

2016இல் வந்த அவருடைய 'பிளாண்ட்' ஆல்பத்தைத்தான் பலர் இன்னும் மேலே வைக்கிறார்கள். பல பாடல்களில் தாளமே இல்லை. நினைவுகள் துண்டு துண்டாக மிதக்கின்றன. அருமையான ஆல்பம். ஆனால் அதில் அவர் யாரையும் கூப்பிடவில்லை. தனக்குத் தானே பேசிக்கொள்கிறார், நாம் ஒட்டுக் கேட்கிறோம். அதைப் பெரிய இசை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சோல் என்று சொல்லமாட்டேன். இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் என்னோடு முறைத்துக்கொள்வார்கள்.

பழையதா புதியதா என்ற கேள்வியையே உடைத்துப் போட்டவர் ஒருவர் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில், பெந்தெகொஸ்தே போதகரின் மகனாகப் பிறந்து, சிறுவனாக இருந்தபோதே சபையில் வாசித்து வளர்ந்த டி ஆஞ்சலோ. தமிழ்நாட்டில் பெந்தெகொஸ்தே சபைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்களுக்கு அந்தக் கைதட்டல் எப்படி ஏறிக்கொண்டே போகும் என்று தெரியும். 1995இல் ஒரு ஆல்பம், 2000இல் 'வூடூ'. அதன் பிறகு 14 ஆண்டுகள் எதுவும் இல்லை. போதை, கார் விபத்து, வெளியே தலைகாட்டாத காலம். 2014 டிசம்பரில், ஒரு நள்ளிரவில், 'பிளாக் மெசையா' வந்து நின்றது.

அது 2015இல் வருவதாக இருந்தது. 2014 ஆகஸ்டில் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போலீஸ்காரர் மீது வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று நவம்பரில் முடிவாயிற்று. எரிக் கார்னர் நியூயார்க்கில் போலீஸ் பிடியில் கழுத்து நெரிபட்டு இறந்த விஷயத்திலும் டிசம்பர் தொடக்கத்தில் அதே முடிவு. இனிமேலும் காத்திருக்கக் கூடாது என்று டி ஆஞ்சலோ ஆல்பத்தை முன்கூட்டியே வெளியிட்டார். தலைப்பைப் பார்த்து யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உள்ளேட்டில் எழுதியும் வைத்தார்: மெசையா என்பது தான் இல்லை, தனி ஒரு மனிதனும் இல்லை, ஃபெர்குசனிலும் எகிப்திலும் வால் ஸ்டிரீட்டிலும் எழுந்து நின்ற எல்லோரும் சேர்ந்ததுதான் என்பது அதன் சாரம்.

இந்த ஆல்பமும் நாடாவில்தான் பதிவானது. எண்முறை ஒலிக்கருவி எதுவும் பயன்படுத்தவில்லை என்று உள்ளேடே சொல்கிறது. பழைய ஒலிக்காரர்கள் கொண்டாடும் அதே கருவிகள். ஆனால் கேட்டால் எந்த ஆண்டின் ஒலி என்று சொல்ல முடியாது. குவெஸ்ட்லவின் டிரம்ஸும் பினோ பலாடினோவின் பேஸும் அடியை நேரத்துக்கு முன்னும் பின்னுமாக இழுத்து வைக்கின்றன. தாளம் தள்ளாடுகிறது, விழவில்லை. ஹிப்ஹாப்பில் ஜே டில்லா கண்டுபிடித்த அந்தத் தள்ளாட்டத்தை, இங்கே மனிதர்கள் கையால் வாசிக்கிறார்கள்.

டி ஆஞ்சலோ தன் குரலையே பல அடுக்காகப் பதிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு ஒரு பெருங்குரலாக்கிவிட்டார். வார்த்தைகள் புரியவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பாடகரைத் தேடிக் கேட்டேன்; அவர் கிடைக்கவில்லை. பத்தாவது தடவையோ என்னவோ, அங்கே தனியாக ஒரு பாடகர் இல்லை என்பது உறைத்தது. கூப்பிடுகிறவரும் பதில் சொல்கிறவர்களும் ஒரே கும்பலாக நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். சபையின் நடுவில் நின்றால் யாருடைய வார்த்தையும் தனியாகக் கேட்காது. அந்தப் பத்தாண்டில் ஒரே ஓர் ஆல்பம் என்றால் என் கை இதற்குத்தான் போகும். 2025 அக்டோபரில், 51 வயதில் அவர் இறந்த செய்தி வந்தபோது, இரவு முழுதும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மொத்தம் மூன்றே ஸ்டுடியோ ஆல்பங்கள்.

2016இல் சொலாஞ் வெளியிட்ட 'எ சீட் அட் த டேபிள்' இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. குரலை உயர்த்தாத ஆல்பம். சோல் என்றால் தொண்டை கிழிய வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். கர்டிஸ் மேஃபீல்டும் ஸ்மோக்கி ராபின்சனும் மெல்லிய குரலில் பாடியே இந்த மரபைக் கட்டினார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது. தாய்வழி முன்னோர் வாழ்ந்த லூசியானாவின் நியூ ஐபீரியாவுக்குப் போய் அங்கே தங்கிப் பாடல்களை எழுதினார் சொலாஞ். தட்டில் பாடல்களுக்கு நடுவே பேச்சுகள் வருகின்றன. வெள்ளையர் பள்ளியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவராக இருந்ததைத் தந்தை நினைவுகூர்கிறார். கறுப்பாக இருப்பதன் அழகைப் பற்றித் தாய் பேசுகிறார். நியூ ஆர்லியன்ஸில் ஏழையாகப் பிறந்து சொந்த இசை நிறுவனம் கண்ட மாஸ்டர் பீ பேசுகிறார். இவை வெறும் இடைவெளி நிரப்பிகள் இல்லை. சபையில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்வார் அல்லவா, அந்தச் சாட்சிகள். மகள் மெதுவாக ஒன்றைக் கேட்கிறாள். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறார்கள். அதே ஆண்டில் அக்காள் பியோன்சேயின் 'லெமனேட்' பெற்றது போலவே இதுவும் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றது.

'லெமனேட்' பற்றி விருது மேடையையொட்டி எழுந்த சர்ச்சை தனிக் கட்டுரைக்கு உரியது. 2017இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது அதற்குக் கிடைக்காமல், வெள்ளையரான அடெலின் '25'க்குப் போனது; அடெலே மேடையில் நின்று 'லெமனேட்'டைத்தான் புகழ்ந்தார். கறுப்பினத்தவர் அல்லாதவர் பாடினால் சோல் ஆகுமா என்ற நெடுநாள் கேள்வியில் நான் இறங்கப் போவதில்லை. பாட யாருக்கும் தடையில்லை. பரிசும் பணமும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைக் கணக்கில் எடுக்காமல் பேசினால் மட்டும் அது நேர்மையான பேச்சு ஆகாது.

பிரிட்டனிலிருந்து எனக்கு ஒருவர் போதும்: உகாண்டாவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மைக்கேல் கிவானுகா. 'லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்தின் முதல் பாடல் பத்து நிமிடம். பாதி வரை பாடகர் வாயே திறப்பதில்லை. அடுத்த பாடல் கைதட்டலிலேயே நிற்கிறது. 2019இல் தன் குடும்பப் பெயரையே தலைப்பாக வைத்து அடுத்ததை வெளியிட்டார். அதற்கு மெர்குரி பரிசு கிடைத்தது. இரண்டில் முன்னதுதான் எனக்குப் பிடித்தது.

மூன்றாம் கூட்டத்தாருக்கு இந்த விவாதங்களில் எப்போதும் அநியாயம் நடக்கிறது. அமெரிக்காவில் நடுவயதுக் கறுப்பினக் குடும்பங்கள் காரிலும் வீட்டிலும் கேட்கும் இசை இது. ஜில் ஸ்காட் 2011இலும் 2015இலும் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களுமே விற்பனையில் முதலிடம் பிடித்தன. இருந்தும் விமரிசகர்களின் பத்தாண்டுப் பட்டியல்களில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒலியில் புதுமை இல்லை, பழமையின் கவர்ச்சியும் இல்லை என்பதுதான் காரணம். ஆனால் இந்தக் கூட்டத்தார் முன்னிறுத்தும் ஒரு தட்டு என் பட்டியலில் நிச்சயம் உண்டு: 2015இல் வந்த 'லேலா ஹாதவே லைவ்'.

அவருடைய தந்தை டோனி ஹாதவே 1972இல் வெளியிட்ட நேரடி ஆல்பம் சோல் ரசிகர்களுக்கு வேதம். அதில் ஒரு பாடலில் பல்லவி வந்ததும் அரங்கமே பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. ஹாதவே வாசித்துக்கொண்டு கேட்கிறார். பாடகருக்கும் கூட்டத்துக்கும் நடுவிலிருந்த கோடு அழிந்துபோன கணம் அது. 1979இல் அவர் இறந்தபோது லேலாவுக்கு 10 வயது. அந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் பதிவான லாஸ் ஏஞ்சலஸ் 'டுருபடோர்' அரங்குக்கே போய், தன் நேரடி ஆல்பத்தைப் பதிவு செய்தார் லேலா. தந்தை பாடிய 'லிட்டில் கெட்டோ பாய்' பாடலையும் அங்கே பாடினார். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்களைத் தொண்டையில் எழுப்பத் தெரிந்தவர் அவர்; 2013இல் ஸ்நார்க்கி பப்பி குழுவோடு பாடும்போது அவர் அப்படிச் செய்ததும் வாத்தியக்காரர்கள் வாசிப்பை மறந்து முகம் மலர்ந்து பார்ப்பதைக் காணொளியில் காணலாம். ஆனால் டுருபடோர் பதிவில் என்னை உலுக்குவது அந்த வித்தை இல்லை. 40 ஆண்டுக்கு முன் அதே சுவர்களுக்குள் ஒரு தந்தை எழுப்பிய குரலுக்கு மகள் பதில் கொடுக்கிறாள்.

ஷாரன் ஜோன்ஸிடம் திரும்ப வேண்டும். 2013இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அதனால் தள்ளிப்போன ஆல்பம் 2014இல் வந்தது. சிகிச்சையில் முடி கொட்டிய தலையோடு மேடையேறி ஆடினார். நோய் திரும்பி வந்தது. முடிந்தபோதெல்லாம் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து பாடினார். 2016 நவம்பர் 18 அன்று, 60 வயதில் இறந்தார். மறு ஆண்டு நவம்பரில் 'சோல் ஆஃப் எ உமன்' வெளிவந்தது.

அதன் கடைசிப் பாடல் 'கால் ஆன் காட்'. 1970களின் இறுதியில், தான் பாடிவந்த சபையின் பாடகர் குழுவுக்காக ஷாரனே எழுதியது. 2007இல் வேறோர் ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது அதைப் பாடிப் பதிந்தார். எந்தத் தட்டிலும் சேர்க்காமல் கேப்ரியல் ராத் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஷாரன் இறந்த பிறகு, நினைவுக் கூட்டத்தில் பாடுவதற்காக அந்தச் சபையின் பழைய பாடகர்கள் மறுபடி ஒன்று கூடினார்கள். கூட்டம் முடிந்து அவர்கள் புஷ்விக்கில் இருக்கும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஒலிநாடாவில் ஷாரனின் குரல் ஓடியது. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அவர்கள் பாட வேண்டிய இடம் அப்படியே இருந்தது. பாடினார்கள்.